துவாலுவின் ஃபுனாஃபுட்டியில் எங்கே சாப்பிடுவது, என்ன சாப்பிடுவது?

கரையோரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கடலரிப்பு அளவீட்டுப் பணிக்காக வரும் ஆகஸ்ட் மாதம் துவாலு நாட்டின் தலைநகரான ஃபுனாஃபுட்டிக்குச் செல்லவிருக்கிறேன். சில வாரங்கள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். தங்குமிடத்தை அலுவலகமே ஏற்பாடு செய்துவிட்டது. சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் கடல் மட்ட உயர்வு பற்றிய செய்திகள்தாம் வந்து குவிகின்றன. அந்த ஊரில் மனிதர் மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

எனக்கு மீனும் இறைச்சியும் ஒத்துக்கொள்ளும். ஊர் மக்கள் உண்பதை அவர்கள் சமைக்கும் முறையிலேயே உண்டு பார்க்க வேண்டும் என்ற விருப்பமும் உண்டு. என்னுடன் வரும் பொறியாளர் முட்டைகூடத் தொடாத சைவர். அவரால் அங்கே சமாளிக்க முடியுமா? உணவகங்கள் உள்ளனவா, காய்கறி கிடைக்குமா, இங்கிருந்து எவற்றைக் கொண்டுபோக வேண்டும் என்பவற்றை அங்கே இருந்தவர்கள் யாரேனும் விரிவாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பவளத்திட்டு எழுதுகிறார்:

வணக்கம் கரையோரன். பணி நிமித்தம் அங்கே தங்கியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஃபுனாஃபுட்டியில் "எங்கே சாப்பிடுவது" என்ற கேள்வியைவிட "இன்றைக்கு என்ன வந்திருக்கிறது" என்ற கேள்விதான் பயன்படும். துவாலுவின் ஒன்பது தீவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் நிலம். மக்கள்தொகை பதினோராயிரத்தை ஒட்டியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஃபுனாஃபுட்டியில்தான் வாழ்கிறார்கள். அரிசி, மாவு, சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு, தகர டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி என எல்லாமே கப்பலில் வர வேண்டும். கப்பல் வந்த வாரத்தில் கடை அலமாரிகள் நிறைந்திருக்கும். அடுத்த கப்பல் தாமதமானால் வெங்காயம்கூடக் கண்ணில் படாது. ஆகவே கப்பல் வந்த செய்தி காதில் விழுந்த அன்றே கடைக்குப் போய்விடுங்கள்.

உணவகங்கள் மிகச் சிலவே. வையாக்கு பகுதியில் அரசு அலுவலகக் கட்டடத்தை அடுத்து, காயலை நோக்கி ஃபுனாஃபுட்டி லகூன் ஹோட்டல் இருக்கிறது. முன்பு வையாக்கு லாங்கி என்ற பெயரில் இயங்கியதும் அதுவே. விமான ஓடுபாதையை ஒட்டி ஃபிலமோனா விடுதி உள்ளது. இவை தவிர, சீனச் சமையல் செய்யும் சிறிய கடைகள் சில உண்டு. சோறு, வறுத்த மீன், கோழி, நூடுல்ஸ் என்ற அளவில் பெரிய தட்டு நிறையத் தருவார்கள். எந்தக் கடை எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருப்பதால், விடுதிக்காரரிடம் காலையிலேயே கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது.

தீவின் உண்மையான உணவு இந்தக் கடைகளில் அரிதாகவே கிடைக்கும். அது வீடுகளிலும் விருந்துகளிலும் இருக்கிறது. அவற்றில் முதலில் சொல்ல வேண்டியது புலாக்கா. சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கிழங்கு இது. இலை ஆளுயரத்துக்கும் மேலே எழுந்து நிற்கும். பவள மணலில் மேல்மண் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. எனவே, மழைநீர் நிலத்தடியில் உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும் மட்டம் வரை ஆழமாகக் குழி தோண்டி, அதில் இலைதழைகளை மக்கவைத்து, அந்தச் சேற்றில் புலாக்காவை நடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே குழியைப் பேணும் குடும்பங்கள் உண்டு. கிழங்கு முற்றப் பல ஆண்டுகள் ஆகலாம். இப்போது கடல்நீர் அடியிலிருந்து ஊறி அந்தக் குழிகளுக்குள் வருவதால் பல இடங்களில் பயிர் அழுகிவிடுகிறது. 2015 மார்ச்சில் பாம் புயலின்போது வெளித்தீவுகளில் கடல் பொங்கி உள்ளே புகுந்ததும் பெருஞ்சேதம் செய்தது. ஆகவே உங்கள் முன் ஒருவர் புலாக்காவை வைத்தால், அவர் தம்மிடம் உள்ளவற்றில் சிறந்ததை வைக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

புலாக்காவை வேகவைத்தும் சுட்டும் உண்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஃபேக்கெய். கிழங்கைத் துருவி, புலாக்கா இலையிலேயே பொதிந்து ஆவியில் வேகவைத்து, பிறகு கெட்டியான தேங்காய்ப்பாலில் புரட்டி எடுப்பார்கள். பசைத்தன்மையோடு, மெல்லிய இனிப்போடு, வாயில் சற்று நேரம் நின்று கரையும் பண்டம் இது; உங்கள் சைவ நண்பரும் தாராளமாக உண்ணலாம். நன்றாக வேகாத கிழங்கு நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். இதனால்தான் அங்குள்ள பெண்கள் அதை நெடுநேரம் வேகவைக்கிறார்கள். நீங்களே வாங்கிச் சமைத்தால் அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது கலேவே, அதாவது தென்னையின் பாளையைச் சீவி இறக்கும் சாறு. காலையும் மாலையும் மரமேறி, கயிற்றால் கட்டிய பாளையின் நுனியைக் கூரிய கத்தியால் காகிதத் தடிமனுக்குச் சீவி, அதன் கீழே போத்தலைக் கட்டிவிட்டு இறங்குகிறார்கள். நம் ஊர்ப் பதநீரைப் போலக் கலயத்தில் சுண்ணாம்பு தடவும் வழக்கத்தை நான் அங்கே பார்க்கவில்லை. ஆகவே இறக்கிய உடனே குடித்தால்தான் இனிப்பு இருக்கும், வைத்தால் புளித்துக் கள்ளாகிவிடும். இதையே காய்ச்சிச் செந்நிறப் பாகாக்கி வைத்துக்கொண்டு, தண்ணீரில் கலந்து குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். அந்தப் பாகு விற்பனைக்குக் கிடைத்தால் ஒரு போத்தல் வாங்கிவிடுங்கள். காலையில் ரொட்டிக்கு அதைவிட நல்ல துணை அந்தத் தீவில் இல்லை என்பது என் கருத்து.

ஈரப்பலா, வாழை, பப்பாளி, இளநீர் ஆகியவையும் உண்டு. ஈரப்பலாவை நெருப்பில் தோல் கருகச் சுட்டு, உடைத்து, தேங்காய்ப்பாலோடு தருவார்கள். கிடைக்கும் பருவத்தில் அதைத் தவறவிடாதீர்கள்.

மீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. காலையில் படகு கரைக்கு வந்ததும் சூரை மீனை எடைபோட்டு விற்றுவிடுவார்கள். சூரையைச் சிறு துண்டுகளாக்கி, எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் வெங்காயமும் சேர்த்துப் பச்சையாக உண்பது அந்தப் பக்கத்துத் தீவுகள் அனைத்திலும் உள்ள வழக்கம். சூரை சலித்தால் காயலின் பார் மீன்களை, அதாவது பவளப்பாறைகளில் வாழும் மீன்களை, வாங்கிச் சுட்டுச் சாப்பிடுங்கள்.

சூவாக்காரி எழுதுகிறார்:

சைவ நண்பருக்காக நான் சில வரிகள் சேர்க்கிறேன். நான் ஃபிஜியில் வசிக்கிறேன்; துவாலுவுக்கு அடிக்கடி போய்வரும் குடும்பம் எங்களுடையது. நீங்கள் ஃபிஜி வழியாகத்தான் அங்கே பறக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்தியாவிலிருந்து மூட்டை மூட்டையாகச் சுமந்து வர வேண்டாம். சூவா நகரக் கடைகளில் துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மஞ்சள்தூள், கடுகு, சீரகம், புளி எல்லாம் கிடைக்கும். கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இங்கே பெருந்தொகையாக வாழ்வதால் இந்தப் பொருள்களுக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை. தென்னிந்திய வம்சாவளியினர் நடத்தும் சங்கம் 1926 முதல் இங்கே பள்ளிகளும் கோயில்களும் நடத்திவருகிறது. ஒரு நாள் சூவாவில் தங்கிக் கடைக்குப் போய்விட்டு விமானம் ஏறுங்கள். சிறிய விமானம், எடைக் கட்டுப்பாடு கண்டிப்பானது. பொட்டலம் பிரிக்காத உலர்ந்த பொருள்களை மட்டும் எடுத்துச் சென்று, இறங்கியதும் சுங்கப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். பச்சைக் காய்கறி, பழம், விதை ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டாம்.

காய்கறிக்கு ஃபுனாஃபுட்டியில் ஓர் அருமையான இடம் உண்டு. துவாலுவுடன் 1979 முதல் தூதரக உறவு வைத்திருக்கும் தைவான், தன் வேளாண் குழுவின் மூலம் அங்கே ஒரு தோட்டம் நடத்துகிறது. உதிர்ந்த இலைகளையும் தோட்டக் கழிவுகளையும் மக்கவைத்து உரமாக்கி, அந்த வெறும் மணலில் கீரை, முட்டைக்கோஸ் வகைகள், வெள்ளரி ஆகியவற்றை விளைவிக்கிறார்கள். வாரத்தில் குறிப்பிட்ட சில காலைகளில் மட்டும் விற்பனை நடக்கும். மக்கள் விடியும் முன்பே வந்து வரிசையில் நிற்பதால், வெயில் ஏறிய பின் போனால் ஒன்றும் மிஞ்சாது. எந்தெந்த நாள் என்பதை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கீரையைப் பருப்போடு கடைந்து, சோற்றில் பிசைந்து உண்ணும்போது உங்கள் நண்பருக்கு ஒரு குறையும் தோன்றாது. ஆனால் அதற்கு அடுப்பும் பாத்திரமும் வேண்டும். ஆகவே சமையலறையைப் பயன்படுத்த அனுமதிக்கும் விடுதிதானா என்று இப்போதே அலுவலகத்தைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி இதுதான்.

உணவகத்தில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். மீன், கோழி, முட்டை என ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி வேண்டாம் என்று கூறுவதே சரி.

பணம் பற்றியும் சொல்கிறேன். அங்கே ஆஸ்திரேலிய டாலர்தான் புழங்குகிறது. நாட்டின் முதல் பணம் வழங்கும் இயந்திரங்கள் 2025 ஏப்ரலில்தான் வந்தன. மீன்காரரிடமும் காய்கறி வரிசையிலும் சில்லறைத் தாள்களே உதவும் என்பதால், போதிய ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலம் எழுதுகிறார்:

பவளத்திட்டு முதலில் எழுதியதில், பார் மீன்களை வாங்கிச் சுட்டுச் சாப்பிடச் சொன்ன கடைசி வரியோடு மட்டும் நான் உடன்படவில்லை. நான் மீன்வளத் துறையில் பணியாற்றுகிறேன். வெப்பமண்டலப் பவளப்பார்களில் சிகுவாடெரா என்ற நஞ்சு உண்டு. துவாலுவும் அதற்கு விலக்கல்ல. பாரில் படர்ந்திருக்கும் நுண்பாசியில் உருவாகும் இந்த நஞ்சு, அதை மேயும் சிறு மீன்களிடமிருந்து அவற்றை விழுங்கும் பெரிய மீன்களுக்குச் சென்று சேர்ந்துகொண்டே போகிறது. நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ எதுவும் தெரியாது. வேகவைத்தாலும், பொரித்தாலும், பனிக்கட்டியில் வைத்தாலும் அது அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கோடு தொடங்கி, உதடும் விரல்களும் மரத்துப்போய், குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதைப் போன்ற உணர்வு வரும். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும்.

ஆகவே பெரிய களவா, சீலா, பாரில் வாழும் விலாங்கு ஆகியவற்றை நீங்கள் வாங்கிச் சமைக்கவே வேண்டாம். காயல் மீன் வேண்டுமென்றால், எந்தப் பக்கத்துப் பாரில் பிடித்தது என்று மீனவரைக் கேளுங்கள். எந்த இடத்து மீனை உண்ணக் கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அவர்கள் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் மீனே பாதுகாப்பானது. ஆழ்கடலில் ஓடும் சூரைக்கும், இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கும் பறவைக்கோலாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சூரையை வெயிலில் கிடக்கவிட்டால் அது வேறு விதமாக நஞ்சாகிவிடும். காலையில் வாங்கியதை உடனே பனிக்கட்டியில் வையுங்கள். பச்சையாக உண்பதென்றால் அன்று காலை கரைக்கு வந்த மீனாக மட்டும் இருக்கட்டும்.

கரையோரன் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சமையலறை வசதியுள்ள விடுதிக்காக அலுவலகத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். குடிநீருக்கு என்ன செய்வது? ஊர் விருந்துக்கு அழைக்கப்பட்டால், சைவரான நண்பர் மீனையும் பன்றியையும் மறுப்பது அவர்களைப் புண்படுத்துமா?

பவளத்திட்டு எழுதுகிறார்:

நெய்தல்நிலம் சொல்வதை அப்படியே பின்பற்றுங்கள். பார் மீன் விஷயத்தில் மீனவரைக் கேட்பதே சரியான வழி.

குடிநீர் பெரும்பாலும் கூரையிலிருந்து தொட்டியில் சேரும் மழைநீர்தான். ஆறோ ஏரியோ கிடையாது. நிலத்தடி நீர் குடிக்க உதவாது. 2011 செப்டம்பரில் மழை பொய்த்தபோது அரசு நெருக்கடி நிலையையே அறிவித்து, வீட்டுக்கு இத்தனை வாளி என்று தண்ணீரை அளந்து கொடுத்தது. கொதிக்கவைத்துக் குடியுங்கள், கீரை கழுவும் நீரையும், அரிசி களைந்த நீரையும் சாக்கடையில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். விடுதிக்காரர் அதைக் கவனிப்பார்.

விருந்து பற்றி: ஊர் மன்றத்தில், ஃபலேகாவ்புலே என்று அதைச் சொல்வார்கள், பாய் விரித்து அனைவரும் சம்மணமிட்டு அமர்வார்கள். கால்களை எவர் பக்கமும் நீட்டக் கூடாது. பெரியவர் ஒருவர் வேண்டுதல் சொல்லி முடிக்கும் வரை எதையும் தொடக் கூடாது. தென்னோலையில் முடைந்த கூடைகளில் பன்றி, கோழி, மீன், புலாக்கா, ஈரப்பலா, வாழை எல்லாம் வந்து நிறையும். ஒருவருக்கு வைப்பதை நான்கு பேர் உண்ணலாம். மிஞ்சுவதை வீட்டுக்கு எடுத்துச் செல்வது வழக்கமே. உங்கள் நண்பர் சங்கடப்பட வேண்டியதில்லை. அழைத்தவரிடம் முதல் நாளே, "அவர் சமய வழக்கத்தால் மீனும் இறைச்சியும் உண்பதில்லை" என்று சொல்லிவிடுங்கள். மிகுந்த இறைப்பற்று உள்ள மக்கள் அவர்கள்; சமயத்தின் பொருட்டு விலக்குவதை உடனே மதிப்பார்கள், அவருக்கென்று ஃபேக்கெய் கூடுதலாகவே வரும். இலையில் விழுந்த பிறகு ஒதுக்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். வெறுங்கையோடு போகாமல், கப்பலில் வந்த சர்க்கரையோ தேயிலையோ கொஞ்சம் கொண்டுபோய் வீட்டுப் பெண்களிடம் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவாலயத்துக்கும் குடும்பத்துக்கும் உரியது. கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். மீன்காரரும் வர மாட்டார். சனிக்கிழமை மதியத்துக்குள் இரண்டு நாளுக்கான ரொட்டி, காய், மீன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுங்கள்.