குவாண்டம் செய்தித் தளங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கார்முகில்:
குவாண்டம் கணினித் துறைக்கென்றே நடக்கும் செய்தித் தளங்கள் மீது எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் 'மயோரானா 1' சிப்பை அறிவித்த அன்று இரவு மூன்று தளங்களை அடுத்தடுத்துத் திறந்து படித்தேன். மூன்றிலும் முதல் பத்தி ஒன்றேதான், நிறுவனத்தின் அறிக்கையில் இருந்த அதே பத்தி. அன்று நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையோடு, அதைப் பரிசீலித்த விஞ்ஞானிகளின் கருத்துகள் அடங்கிய மதிப்பாய்வுக் கோப்பும் வெளியானது. இந்த முடிவுகள் அந்தக் கருவிகளில் மயோரானா நிலைகள் (அந்த சிப்புக்கே அடிப்படை என்று சொல்லப்பட்ட விசேஷ குவாண்டம் நிலைகள்) இருப்பதற்குச் சான்று ஆகாது என்று இதழின் ஆசிரியர் குழுவே அதில் குறிப்பு எழுதியிருந்தது. மூன்று தளங்களும் அதைத் தொடவே இல்லை. செய்தியில் வருவதும் அந்த நிறுவனங்கள், விளம்பரம் தருவதும் அந்த நிறுவனங்கள் என்றால் வேறு எப்படி இருக்கும்?

வாசன்77:
சரி, பொதுப் பத்திரிகைகள் மட்டும் என்ன செய்தன? 2024 டிசம்பரில் கூகுளின் வில்லோ சிப் வந்தபோது, சூப்பர் கம்ப்யூட்டருக்கு 1-க்குப் பின்னால் 25 பூஜ்யம் போட்ட ஆண்டுகள் ஆகும் கணக்கை 5 நிமிடத்துக்குள் முடித்தது என்றுதான் எங்கும் பேச்சு. அந்தக் கணக்கு இணைப் பிரபஞ்சங்களில் நடக்கிறதோ என்று பேசும் வரைக்கும் போனார்கள். அந்தக் கணக்கால் யாருக்கும் நேரடிப் பயன் இல்லை. பெரிய விஷயம் வேறு. கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) கட்டத்தை 3×3, 5×5, 7×7 என்று பெரிதாக்கினார்கள். கியூபிட் கூடினால் பிழையும் கூடும் என்பதுதான் இத்தனை வருடத் தலைவலி. இங்கே ஒவ்வொரு படியிலும் பிழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1995-ல் பிழைத்திருத்தத்துக்கு வழி காட்டியதிலிருந்து எல்லோரும் காத்திருந்தது இதற்குத்தான். எனக்கு இது புரிந்தது ஒரு சிறு துறைத் தளத்தில் படம் போட்டு விளக்கியதால். நாளிதழில் அந்தப் படத்துக்கு இடம் கிடைக்காது.

தேன்மொழி:
நீங்கள் இருவரும் அறிவியலைப் பேசுகிறீர்கள், என் கவலை பணம். 2025 ஜனவரியில் சிப் நிறுவனமான என்விடியாவின் தலைமைச் செயல் அதிகாரி ஜென்சன் ஹுவாங், பயனுள்ள குவாண்டம் கணினிக்கு 15 ஆண்டு என்றால் சீக்கிரம், 30 என்றால் தாமதம் என்றார். ஐயான்கியூ, ரிகெட்டி என்ற குவாண்டம் கணினி நிறுவனங்களின் பங்குகள் ஒரே நாளில் 40 சதவீத அளவுக்குச் சரிந்தன. அந்தத் துறையில் பங்கு வைத்திருந்த என் அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை. தினமும் துறைச் செய்தி படித்தவர்தான். யாருக்கு எவ்வளவு முதலீடு வந்தது என்று தெரியும், இன்னும் எத்தனை வருடம் ஆகும் என்பதை யாரும் அவருக்கு அழுத்திச் சொல்லவில்லை.

வாசன்77:
அது வருத்தம்தான். ஆனால் இந்தத் தளங்கள் பலவற்றில் ஆசிரியர் குழு என்பதே இரண்டு மூன்று பேர். ஒவ்வொரு அறிவிப்புக்கும் இயற்பியலாளரைத் தேடிப் பிடிக்க முடியுமா?

கார்முகில்:
ஒவ்வொன்றுக்கும் வேண்டாம், பெரியதற்கு மட்டும் செய்யட்டும். 2019-ல் கூகுள் 53 கியூபிட் சிப்பை வைத்து, 10,000 ஆண்டுக் கணக்கை 200 விநாடியில் முடித்தோம் என்றபோது, சூப்பர் கம்ப்யூட்டரிலேயே இரண்டரை நாளில் முடியும் என்று ஐபிஎம் மறுத்தது. போட்டி நிறுவனம் வாய் திறந்ததால் நமக்குத் தெரிந்தது. மயோரானா பற்றி நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு 2018-ல் நேச்சரில் வெளியிட்ட கட்டுரை 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பழைய கதையை மயோரானா 1 செய்தியில் ஒரு வரியில் சேர்க்க யாருக்கும் போன் போட வேண்டாமே.

வாசன்77:
அந்த ஒரு வரியை ஒப்புக்கொள்கிறேன். அதைக்கூட எழுதாமல் விட்டது தவறுதான். படம் போட்டு விளக்கிய அந்தத் தளத்தை மட்டும் விடமாட்டேன்.