மறு: 'வேகமான நினைவகம்' – வேகம் ஒன்றா, இரண்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினிக்கு நினைவகம் வாங்குவோருக்கான உதவிப் பக்கத்தில் எந்தத் தமிழ்ச் சொற்களை வைப்பது என்று ஓடும் இழையை முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். நினைவகம் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. கெப்பாசிட்டிக்குக் கொள்ளளவு, அதுவும் சரி. இடறுவது வேகம்தான்.

> "கூடுதல் நினைவகமா, விரைவு நினைவகமா" என்று தலைப்பு வைத்தால் போதாதா ஐயா? வாசகருக்குப் புரிந்துவிடுமே.

தலைப்பு புரியும். கடையில் போய்த்தான் குழம்புவார். சென்னை ரிச்சி தெருவில் டிடிஆர்4 வகை நினைவகக் குச்சி ஒன்றைக் கையில் வாங்கி அதன் ஒட்டியைப் பாருங்கள்: 3200 என்று ஓர் எண், பக்கத்தில் 16-18-18-38 என்று பொடி எழுத்தில் ஒரு வரிசை, 1.35 வோல்ட். இதில் எது வேகம்? கடைக்காரர் 3200-ஐக் காட்டுவார். அது வினாடிக்கு எத்தனை முறை தரவு கடத்தப்படுகிறது என்பது: 320 கோடி முறை. ஒவ்வொரு முறையும் 8 பைட்டு, ஆக வினாடிக்கு 25.6 ஜிகாபைட்டு. வரிசையில் முதலில் நிற்கும் 16 வேறு சங்கதி. படிக்கச் சொல்லி ஆணை போனபின் முதல் துண்டு வெளியே வர எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்பதை அது சொல்கிறது. இரண்டையும் 'விரைவு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் விளக்கம் எழுதவே முடியாது.

> லேட்டன்சிக்குத் 'தாமதம்' என்றே வைக்கலாம். இல்லாவிட்டால் 'சுணக்கம்'.

எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. தாமதம் என்றால் வரவேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது, அது தப்பிவிட்டது என்று பொருள். சுணக்கத்தில் குற்றச்சாட்டே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாலைப் பணியில் சுணக்கம் என்று செய்தி வந்தால் யாரோ ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்றுதான் படிக்கிறோம். நினைவகம் எந்தத் தவறும் செய்யவில்லை. கேட்டதை எடுத்துத் தர அதற்கு ஆகும் நேரம் அது, செயலி (பிராசசர்) அதுவரை காத்திருக்கிறது. ஆகவே 'காத்திருப்பு' என்பதே என் முன்மொழிவு. "காத்திருப்பு குறைந்த நினைவகம்" என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியத்தில் உறுத்தவில்லை.

ஆனால் அதையும் இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பேன். ஒட்டியில் இருக்கும் 16 நேரம் அல்ல, துடிப்புகளின் எண்ணிக்கை. எனவே அது 'காத்திருப்புத் துடிப்பு'. நானோவினாடியில் சொல்லும்போது 'காத்திருப்பு நேரம்'. இது வெறும் பண்டிதச் சண்டை இல்லை. டிடிஆர்4-3200, சிஎல் 16 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள் (சிஎல் என்பது அந்தத் துடிப்பு எண்ணிக்கைதான்). துடிப்பு ஒன்றுக்கு இருமுறை தரவு போவதால் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். 16 துடிப்புக்கு 10 நானோவினாடி. அடுத்த தலைமுறையான டிடிஆர்5-6000, சிஎல் 30? கடிகாரம் 3000, 30 துடிப்பு, அதுவும் 10 நானோவினாடி. 30-ஐப் பார்த்துப் புதியது மந்தம் என்று பயப்படுபவர்கள் துடிப்பை நேரம் என்று படிக்கிறார்கள். மாறாக டிடிஆர்5-4800, சிஎல் 40 வாங்கினால் கிட்டத்தட்ட 16.7 நானோவினாடி ஆகிறது. அங்கே பயம் நியாயம்தான். (கடைப் பட்டியலில் 3200 மெகாஹெர்ட்ஸ் என்று போடுவது தவறு. ஊரே அப்படித்தான் போடுகிறது, நாமாவது போடவேண்டாம்.)

> பேண்ட்வித்துக்குப் பட்டையகலம் இருக்கும்போது அக்கா சொன்ன 'வரத்து' எதற்கு?

வினாடிக்கு 25.6 ஜிகாபைட்டு என்றேனே, அதற்கான சொல் இது. பட்டையகலம் வானொலிக்குப் பொருந்தும். அங்கே நிஜமாகவே அலைவெண்களின் ஒரு பட்டை உண்டு, அதற்கு அகலமும் உண்டு. நினைவகத்தில் எந்தப் பட்டையைக் காட்டுவது? மேட்டூர் அணைச் செய்தியைத் தினமும் படிக்கிறோம்: கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி. கொள்ளளவை ஏற்கெனவே அங்கிருந்து எடுத்தாயிற்று, வரத்தையும் எடுப்பதில் என்ன தயக்கம்? எழுதும்போது தரவு போகவும் செய்கிறதே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் போக்கையும் சேர்த்தால் போக்குவரத்து ஆகி, பேருந்து வந்து நின்றுவிடும். வரத்தே இருக்கட்டும். இரண்டு குச்சிகளிலிருந்து ஒரே நேரத்தில் தரவு வரும் டூயல் சேனலுக்கு 'இரட்டை வாய்க்கால்' வேண்டாம், அணையை அந்த அளவுக்கு இழுக்கவேண்டியதில்லை. 'இரட்டைத் தடம்' போதும்.

> சொல் கிடக்கட்டும். அந்தப் பக்கம் கடைசியில் எதை வாங்கச் சொல்லப்போகிறது?

முதலில் கொள்ளளவு. இதில் மழுப்பவேண்டாம். 8 ஜிபி கணினியில் உலாவியில் இருபது முப்பது தாவல், ஒரு காணொளிக் கூட்டம், ஓர் எக்செல் கோப்பு திறந்தால் நினைவகம் நிரம்பிவிடுகிறது. இயங்குதளம் பழைய பக்கங்களைத் தூக்கி வட்டில் வைக்க ஆரம்பிக்கும். செயலி நினைவகத்துக்குப் போய்வர மொத்தமாக 100 நானோவினாடிக்குள் முடியும் என்றால் நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல ஆயிரம் மடங்கு வரை ஆகும். பழைய சுழல்வட்டாக இருந்தால் லட்சம் மடங்கு. காத்திருப்பில் இரண்டு மூன்று நானோவினாடி குறைத்து வாங்கிய குச்சி இங்கே என்ன செய்துவிடும்?

அதே சமயம் 16 ஜிபியில் பாதிகூட நிரம்பாதவர் 32-க்குப் போவதால் எதுவும் வேகமாகாது. அவருக்கு வரத்தைப் பற்றிச் சொல்லலாம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் விளையாடுபவர் என்றால் கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் செயலிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் அதே நினைவகத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது. ஒரே 16-க்குப் பதில் இரண்டு 8 போட்டால் இரட்டைத் தடம் கிடைத்து வரத்து இரண்டு மடங்காகும். கூடுதல் காசு கொடுத்து 3200-ஐ 3600 ஆக்குவதைவிட இது பெரிய லாபம்.

எக்ஸ்எம்பியையும் விடக்கூடாது, குச்சியை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு அது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் திரையில் அதை இயக்காவிட்டால் 3200 என்று அச்சிட்ட குச்சி பல நேரம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். இதற்குக் காசே வேண்டாம். இதற்குத் தமிழில் என்ன வைப்பது என்று மண்டையை உடைக்காமல் எக்ஸ்எம்பி என்றே விடலாம். பயாஸ் திரையில் தேடுபவருக்கு அந்த எழுத்துதான் கண்ணில் படவேண்டும்.

அப்புறம், டிடிஆர்5-இல் நான்கு குச்சி செருகினால் வேகம் இறங்குவதைப் பற்றி ஒரு வரி சேர்க்கவும். ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு அவற்றைத் தயாரிக்கும் ஏஎம்டி தரும் கணக்கே இரண்டு குச்சிக்கு 5200, நான்குக்கு 3600. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு 8-இல் தொடங்குபவருக்கு இது முன்பே தெரிந்தால் நேரே இரண்டு 16-ஆக வாங்குவார்.

மடிக்கணினிப் பத்திக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. பலகையோடு சால்டர் செய்துவிட்ட நினைவகத்தைப் பிறகு கூட்டவே முடியாது, வாங்கும் அன்றைக்கே கொள்ளளவை முடிவு செய்தாகவேண்டும். 'பற்றாசு வைத்த நினைவகம்' என்று எழுதினால் பட்டறைக்காரருக்குப் புரியும், கல்லூரிப் பிள்ளைக்குப் புரியுமா? 'பிரிக்கமுடியா நினைவகம்' என்று இப்போதைக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், கோப்பில் மாற்றிவிடுகிறேன்.