ரியு காம்போ இடது பக்கம் சரியாக வருகிறது, வலது பக்கம் போனால் டிராப் ஆகிறது – உதவி தேவை

தேவனாம்பட்டினம் ரியு:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்கிற சண்டை கேமை லேப்டாப்பில் ஆடுகிறேன், ரியு என்கிற கேரக்டரோடு. பிஎஸ்4 பேட், புளூடூத், கிளாசிக் கன்ட்ரோல் (திசைகளை வரிசையாக அழுத்திப் பட்டன் சேர்க்கிற முறை). ரியுவுக்குப் பழகுகிறவர்கள் எல்லோரும் தொடங்குகிற அதே காம்போதான் (தொடர் அடி): குதித்து ஹெவி பன்ச், தரையில் இறங்கியதும் உட்கார்ந்து ஹெவி பன்ச், அதைக் கேன்சல் செய்து (அந்த அடி முடியும் முன்பே அடுத்ததற்கு மாறி) ஹெவி ஷோர்யுகென், அதாவது மேலே எழும்பி அடிக்கிற பன்ச்.

நான் இடது பக்கம் நின்றால் தூக்கத்தில் கேட்டாலும் வரும். எதிராளி என்னைத் தாண்டிக் குதித்து நான் வலது பக்கம் ஆகிவிட்டால் போச்சு, காம்போ பாதியில் அறுந்து டிராப் ஆகிறது. சில சமயம் ஷோர்யுகென்னுக்குப் பதில் ஹடோக்கென் (கையிலிருந்து பறக்கிற பந்து) போகிறது. சில சமயம் இன்னொரு பன்ச் மட்டும் காற்றில் வீசிவிட்டு நிற்கிறேன். டிரெய்னிங்கிலேயே இப்படி என்றால் மேட்ச்சில் கேட்கவே வேண்டாம்.

வீடு கடற்கரையிலிருந்து நடக்கிற தூரம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே அரித்துப்போகிறது, பேடும் போயிருக்குமோ என்று சந்தேகம். புளூடூத் லேக்காகவும் இருக்கலாம். புதுச்சேரியில் இருக்கிற நண்பன் ஃபைட் ஸ்டிக் (பழைய கேம் கடை மெஷினில் இருக்கிற மாதிரி கம்பி வைத்த கன்ட்ரோலர்) வாங்கு என்கிறான். அந்த விலையை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாங்குவதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

நெல்லித்தோப்பு நைட்:

மாடர்ன் கன்ட்ரோலுக்கு மாறிவிடுங்கள் ப்ரோ. ஒரு திசை, ஒரு பட்டன், ஷோர்யுகென் வந்துவிடும். எந்தப் பக்கம் நின்றாலும் தலைவலி இல்லை.

தேவனாம்பட்டினம் ரியு:

யோசித்தேன் ப்ரோ. அந்த ஒற்றைப் பட்டன் ஸ்பெஷலுக்கு (ஷோர்யுகென், ஹடோக்கென் மாதிரி அடிகளுக்கு) டேமேஜ் 80 சதவீதம்தான், சில சாதாரண அடிகளும் அதில் கிடையாது. அதைவிட, இவ்வளவு பழகிவிட்டு விட மனசு வரவில்லை.

லாஸ்பேட்டை லூக்:

தம்பி, செலவுப் பேச்சை ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. புளூடூத் லேக் என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும். டிவி, மானிட்டர் தாமதமும் அப்படித்தான். அதற்கு இடது வலது தெரியாது. ஒரு பக்கம் மட்டும் சொதப்புகிறது என்றால் சந்தேகப்பட இரண்டே பேர்: பேடின் இடது அம்பு, அல்லது உங்கள் கட்டைவிரல்.

எது என்று ஊகிக்க வேண்டாம். டிரெய்னிங் மோடில் இன்புட் ஹிஸ்டரியை ஆன் செய்யுங்கள். திரையோரம் நீங்கள் அழுத்திய ஒவ்வொன்றும் வரிசையாக விழும், எத்தனை ஃபிரேம் (திரையில் ஓடுகிற ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) பிடித்திருந்தீர்கள் என்ற எண்ணோடு. ஹடோக்கென் போன தடவை என்ன விழுந்தது, வெறும் பன்ச் வந்த தடவை என்ன விழுந்தது, இடது பக்கம் சரியாக வந்தபோது என்ன விழுந்தது, மூன்றையும் அப்படியே இங்கே போடுங்கள்.

தேவனாம்பட்டினம் ரியு:

போட்டோ எடுத்து வைத்து எழுதுகிறேன். குதித்து இறங்கிய பிறகு வருவது மட்டும்.

இடது பக்கம், சரியாக வந்தது: ↓ ஹெவி பன்ச், ↘, →, ↘, ↓, ↘ ஹெவி பன்ச்.

வலது பக்கம், ஹடோக்கென் போனது: ↓ ஹெவி பன்ச், ↙, ← ஹெவி பன்ச்.

வலது பக்கம், வெறும் பன்ச்: ↓ ஹெவி பன்ச், எதுவும் இல்லை, ←, எதுவும் இல்லை, ↓ ஹெவி பன்ச்.

லாஸ்பேட்டை லூக்:

அருமை, இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. பதில் எழுதும் முன் ஒன்று: காம்போ பட்டியல்களில் 623, 236 என்று பார்த்திருப்பீர்கள். கீபோர்டின் நம்பர் பேடை மனதில் வையுங்கள். 6 முன்பக்கம், 2 கீழ், 3 முன்கீழ். ரியு வலது பார்த்து நிற்பதாக வைத்துத்தான் எழுதுவார்கள். வலது பக்கம் போனால் உங்கள் 6 என்பது ← ஆகிவிடும், 3 என்பது ↙. ஷோர்யுகென் 623, ஹடோக்கென் 236.

இப்போது உங்கள் வரிகளைப் பாருங்கள். இடது பக்கம் நடுவில் கூடுதலாக ஒரு ↘ விழுந்திருக்கிறது. பரவாயில்லை. 6, 2, 3 அதே வரிசையில் அதற்குள் இருக்கிறது, கேம் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது வரி: கீழே இருந்து ← வரை உருட்டினீர்கள். அங்கிருந்து திரும்பக் கீழே இறங்குவதற்குள் பட்டனை அழுத்திவிட்டீர்கள். கேமுக்குக் கிடைத்தது 2, 3, 6. அது சுத்தமான ஹடோக்கென். கேம் மேல் தப்பே இல்லை.

மூன்றாவது வரிதான் சுவாரசியம். 'எதுவும் இல்லை' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடங்களில் கட்டைவிரல் பேடை விட்டுத் தூக்கியிருக்கிறது. இடது பக்கம் நிற்கும்போது உருட்டுகிறீர்கள், வலது பக்கம் நிற்கும்போது தட்டித் தட்டி வைக்கிறீர்கள். தட்டினால் மூலைத் திசை விழாது. 3 இல்லாமல் ஷோர்யுகென் ஏது?

ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி, கட்டைவிரலை நடுவில் வைத்து எடுக்காமல் சாய்த்து உருட்டுங்கள். ← போய், ↓ வந்து, ↙ சேர்ந்த பிறகு பட்டன்.

அவசரமும் வேண்டாம். ஹெவி அடி பட்டதும் இரண்டு பேரும் ஒரு நொடியின் துண்டு உறைந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஹிட் ஸ்டாப் என்று பெயர். அந்த உறைவில் நீங்கள் கொடுக்கிற மோஷனை, அதாவது திசை வரிசையை, கேம் வாங்கி வைத்துக்கொண்டு, உறைவு முடிந்ததும் கேன்சல் செய்து கொடுக்கும். நீங்கள் நினைப்பதைவிட நேரம் இருக்கிறது. ஹெவி அடிக்கு லைட் அடியைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

புலியூர் சால்டரிங்:

லூக் அக்கா சொல்வது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் பேடை ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு நிம்மதி. நான் திருப்பாதிரிப்புலியூரில் மொபைல் சர்வீஸ் செய்கிறேன், பேடும் வரும்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வருகிற பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று டைப் செய்யுங்கள். பேடின் பெயர் வரும், ப்ராப்பர்ட்டீஸ் போனால் டெஸ்ட் பக்கம். அம்பு விசையை மெதுவாக ஒரு வட்டம் உருட்டுங்கள். எட்டுத் திசையும் வர வேண்டும். ↙ வரும்போது குறி சாய்வாக நிலையாக நிற்கிறதா, இல்லை துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் உள்ளே இருக்கிற ரப்பரும் ஃபிலிமும் பார்க்க வேண்டியது. கடலோர வீட்டு பேடுகளில் அந்த ஃபிலிம் தொடுகிற இடம் பச்சை பிடித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் பல சமயம் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே எதையும் உள்ளே விடாதீர்கள், தயவு செய்து.

தேவனாம்பட்டினம் ரியு:

பார்த்துவிட்டேன் அண்ணா. எட்டும் வருகிறது, ↙ அசையாமல் நிற்கிறது. பேட் தப்பித்தது, கட்டைவிரல் மாட்டிக்கொண்டது. உருட்டிப் பழகுகிறேன்.

முத்தியால்பேட்டை பழைய காசு:

வீடியோ கேம் கடையில் காயின் போட்டு ஆடின ஆள் நான், என் பங்குக்கு இரண்டு வார்த்தை.

நீங்கள் எல்லாம் உயிரை விடுகிற இந்த 'கேன்சல் செய்து காம்போ' சமாச்சாரமே திட்டமிட்டு வந்ததில்லை. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் காரை உடைக்கிற போனஸ் சுற்று உண்டு. அதைச் சோதிக்கும்போதுதான் ஒரு அடிக்குள் இன்னொரு அடி நுழைவதைத் தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு கவனித்தார். நேரம் பிடிப்பது கஷ்டம், யாருக்கும் பெரிதாகப் பயன்படாது என்று நினைத்து ஒளிந்திருக்கிற விஷயமாக அப்படியே விட்டுவிட்டார்கள். பிறகு வந்த சண்டை கேம் எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

ஸ்டிக் விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. மோஷன் போடுவதற்கு ஸ்டிக்கில் இருக்கிற சுகம் பேடில் வராது. மணிக்கட்டு முழுதாகச் சுற்றும்போது இடது வலது வித்தியாசம் குறையும்.

லாஸ்பேட்டை லூக்:

அண்ணே, உங்களுக்கு அது சின்ன வயதிலிருந்து கையில் ஊறினது. இந்தத் தம்பி ஸ்டிக் வாங்கினால் இடது பக்கமும் முதலிலிருந்து பழக வேண்டும். இருக்கிற ஒரு நல்ல பக்கத்தையும் இழக்கச் சொல்கிறீர்களே! பேடில் உலக அளவில் ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசையாக இருந்தால் வாங்கட்டும், இந்தக் கோளாறுக்கு மருந்தாக வேண்டாம்.

தம்பி, பழகும் முறை. காம்போவை முதலிலிருந்து போடாதீர்கள், கடைசியிலிருந்து போடுங்கள். வலது பக்கம் நின்று வெறும் ஷோர்யுகென் மட்டும், குதிக்காமல், பக்கத்தில் டம்மி (பயிற்சிக்கு நிற்கிற எதிராளி) இல்லாமல். அது அலுப்புத் தட்டுகிற அளவுக்கு வந்த பிறகு முன்னால் உட்கார்ந்த பன்ச்சைச் சேருங்கள். குதிப்பது கடைசியில். குதிப்பதிலிருந்து தொடங்கினால் நன்றாக வருகிற பகுதியைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள், வராத பகுதிக்குக் கை போவதே குறைவு. இடது பக்கத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது எங்கும் ஓடிப்போகாது.

தேவனாம்பட்டினம் ரியு:

அக்கா, பெரிய நன்றி. டிரெய்னிங்கில் வலது பக்கமும் வர ஆரம்பித்துவிட்டது. ஹடோக்கென் தப்பிப் போவது நின்றேவிட்டது.

ஆனால் மேட்ச்சில் இன்னும் டிராப் ஆகிறது, இப்போது இரண்டு பக்கமும். முக்கியமாக ராத்திரியில். பகலில் இவ்வளவு இல்லை. இது என்ன புதுக் கதை?

புலியூர் சால்டரிங்:

ராத்திரியா? கரண்ட் போகும்போது பேட்டரியில் ஆடுகிறீர்களா?

தேவனாம்பட்டினம் ரியு:

ஆமாம் அண்ணா. நெய்வேலியை மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு நமக்கு இந்த நிலைமை. மோடம் இன்வெர்ட்டரில் ஓடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும்.

புலியூர் சால்டரிங்:

அதுதான். சார்ஜரைப் பிடுங்கினால் லேப்டாப் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிற கரண்டைக் குறைத்துவிடும். கேமை ஓட்டுகிற ஸ்டீம் ஆப்பின் செட்டிங்கில் எஃப்பிஎஸ் கவுன்டர் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று காட்டுவது) இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டு ஒரு தடவை சார்ஜரோடும், ஒரு தடவை இல்லாமலும் பாருங்கள்.

சண்டை கேமில் எல்லாக் கணக்கும் ஃபிரேமில். நொடிக்கு 60, ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். 60க்குக் கீழே விழுந்தால் நீங்கள் கையில் பழகின நேரமும் திரையில் ஓடுகிற நேரமும் ஒத்துப்போகாது. டிரெய்னிங் மேடை வெறும் கட்டம் போட்ட அறை, லேப்டாப்புக்குச் சுமை இல்லை. மேட்ச் மேடையில் கூட்டம், விளக்கு, கடை எல்லாம் உண்டு.

தேவனாம்பட்டினம் ரியு:

பார்த்தேன். சார்ஜரோடு 60 அசையவில்லை. பிடுங்கினால் மேட்ச் மேடையில் 40களில் தள்ளாடுகிறது. ஷேடோ, எஃபெக்ட் எல்லாம் குறைத்தும் 60 தொடவில்லை. ஆக, கரண்ட் இல்லாத நேரத்தில் ரேங்க் மேட்ச் கிடையாது என்று முடிவு.

முத்தியால்பேட்டை பழைய காசு:

அந்த நேரத்தில் கடற்கரைக்குப் போய் வாருங்கள். வெள்ளிக் கடற்கரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களே.

லாஸ்பேட்டை லூக்:

மேட்ச் டிராப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கும், யாரும் கேட்காமலே சொல்கிறேன். டிரெய்னிங் டம்மி சும்மா நிற்கும், மனிதர்கள் கார்டு செய்வார்கள், அதாவது அடியைத் தடுப்பார்கள். உங்கள் குதியடியைக் கார்டு செய்துவிட்ட ஆளுக்கு மேலும் நீங்கள் பழக்கதோஷத்தில் ஷோர்யுகென் வரை போவீர்கள். கார்டு செய்த ஷோர்யுகென்னுக்குப் பிறகு ரியு வானத்திலிருந்து இறங்கும் வரை எதிராளி நிதானமாகத் தன் பெரிய காம்போவைத் தேர்ந்தெடுக்கலாம்.

டம்மியின் கார்டை ரேண்டம் என்று மாற்றுங்கள். குதித்து ஹெவி பன்ச் பட்டதா, கார்டு ஆனதா என்று கண் பார்க்க வேண்டும். பட்டால் முழுக் காம்போ. கார்டு ஆனால் உட்கார்ந்த பன்ச்சோடு கையை நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் கஷ்டம், கை தானாகப் போகும். பல பேர் மேட்ச்சில் தோற்பது காம்போ தெரியாததால் இல்லை, பாதியில் விடத் தெரியாததால்.

நெல்லித்தோப்பு நைட்:

இது எனக்கும் பொருந்துகிறது. மாடர்னிலும் இதே வியாதிதான், என் கை இன்னும் வேகமாக ஓடிவிடுகிறது.

தேவனாம்பட்டினம் ரியு:

ரேண்டம் கார்டு வைத்ததும் என் ரியு பாதி நேரம் அடி வாங்கத் தயாராக வானத்தில்தான் இருக்கிறார். இனிமேல் இதுதான் வேலை. கடைசியாக ஒன்று: டிரைவ் ரஷ் (சட்டென்று முன்னால் பாய்வது) சேர்த்து நீட்டிக்கிற காம்போக்கள் வீடியோவில் பார்க்கிறேன். இப்போதே ஆரம்பிக்கலாமா அக்கா?

லாஸ்பேட்டை லூக்:

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்குத் தெரிந்து செய்யுங்கள். இதற்குச் செலவாகிற டிரைவ் கேஜ் மொத்தம் 6 கட்டம். ஒரு அடியிலிருந்து கேன்சல் செய்து டிரைவ் ரஷ் போனால் 3 கட்டம் போய்விடும். பாரியிலிருந்து (எதிராளி அடியைத் தட்டி வாங்குகிற நிலை) போனால் 1. ஓவர்டிரைவ் ஸ்பெஷலுக்கு (பலம் கூட்டின ஸ்பெஷல்) 2, டிரைவ் இம்பாக்ட்டுக்கு (அடியைத் தாங்கிக்கொண்டே திருப்பி அடிக்கிற பெரிய அடி) 1. ஆறும் காலியானால் பர்ன்அவுட். அப்புறம் கேஜ் நிரம்பும் வரை ஸ்பெஷலைக் கார்டு செய்தாலும் உயிர் குறையும்.

அதனால் இப்போது இருக்கிற காம்போவின் கடைசியில் சூப்பர் (தனிக் கேஜ் நிரம்பினால் வருகிற பெரிய அடி) சேர்ப்பதை முதலில் பாருங்கள். சூப்பர் கேஜ் மூன்றும் நிரம்பியிருந்தால் ஹெவி ஷோர்யுகென்னைக் கேன்சல் செய்து 236236 கிக், ஷின் ஷோர்யுகென். இரண்டு பக்கமும் வந்ததும் டிரைவ் ரஷ்ஷுக்குத் தனி இழை போடுங்கள், இன்புட் ஹிஸ்டரியோடு.