ஊடகப் படிப்பைப் பல்கலைக்கழகத்தில்தான் கற்க வேண்டுமா?

வினவும் தாய்: பள்ளிப் படிப்பை முடித்த என் மகள், ஊடகமும் டிஜிட்டல் தகவல் தொடர்பும் படிக்க வேண்டும் என்கிறாள். கேமராவும் படத்தொகுப்பும் இணையத்திலேயே இலவசமாகக் கற்கக் கிடைக்கும்போது, அதற்காக மூன்றாண்டுகளைச் செலவிட வேண்டுமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். இத்துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெட்டும் ஒட்டும்: வேண்டாம், அம்மா. அந்தப் படிப்பை முழுமையாக முடித்தவன் என்பதால் மனவருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். எங்களுக்கு இரண்டு பருவங்கள் ஃப்ளாஷ் மென்பொருளில் அசைவூட்டம் கற்பித்தார்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதையே தேர்விலும் கேட்டார்கள். 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம், ஃப்ளாஷில் செய்தவற்றை உலாவியில் ஓட்டிக்காட்டும் ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை நிறுத்தியதும், என் குறிப்பேடுகள் எடைக்குப் போடத்தான் உதவின. இன்று என் பிழைப்பாக இருக்கும் படத்தொகுப்பை, வேலையில் சேர்ந்த பிறகு இரவெல்லாம் கண்விழித்து நானே பழகிக்கொண்டேன். யூடியூப் 2012இல், எத்தனை பேர் காணொளியைத் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் கொடுக்கத் தொடங்கியபோது, தொழிலில் இருந்தவர்கள் தொகுக்கும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. பாடத்திட்டக் குழு கூடி ஒப்புதல் தரும்வரை அவர்கள் காத்திருக்க முடியாது.

பழைய நிருபர்: நண்பர் சொல்வதெல்லாம் மென்பொருளைப் பற்றியது. அதுவே படிப்பு என்று நினைத்த ஒரு கல்லூரியின் குறையை முழுப் படிப்பின்மேலும் ஏற்றுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலாண்டில் நான் எழுதிய நீதிமன்றச் செய்தி ஒன்றில், கைதானவரைக் 'குற்றவாளி' என்று குறிப்பிட்டிருந்தேன். ஆசிரியர் அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, 'தீர்ப்பு வந்துவிட்டதா?' என்று ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பித் தந்தார். இருபது ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறேன். 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று தட்டச்சிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுழிப்பு கண்முன் வருகிறது.

கோட்பாட்டு வகுப்புகளும் வீண் அல்ல. 1968ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்ட் ஷா என்ற ஊடக ஆய்வாளர்கள் இருவரும், யாருக்கு வாக்களிப்பதென்று முடிவு செய்திராத 100 வாக்காளர்களிடம் எந்தப் பிரச்சினைகள் முக்கியமானவை என்று கேட்டு, அவ்விடைகளைச் செய்தி ஊடகங்கள் அழுத்தம் கொடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பெரிதும் ஒத்துப்போயின. 1972இல் வெளியான அந்த ஆய்வை ஊன்றிப் படித்தவருக்கு, கைபேசித் திரையில் எது முதலில் வர வேண்டுமென்று ஓர் அல்காரிதம் தீர்மானிக்கும் இன்றைய நிலையில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும். ஐந்து நிமிடக் காணொளிகளைப் பார்த்து அந்தப் பழக்கம் வந்துவிடாது.

வெட்டும் ஒட்டும்: அந்தச் சிவப்பு மையை மதிக்கிறேன். ஆனால் நல்ல செய்தியாசிரியர் அமைந்தால் வேலையிலேயே அது கிடைக்குமே, சம்பளமும் கிடைக்குமே.

பழைய நிருபர்: கிடைக்கலாம். ஆனால் செய்தி இணையத்தில் ஏறிய பிறகு திருத்தினால், அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பலருக்கும் அனுப்பியிருப்பார்கள். அந்த மனிதர் பின்னர் விடுதலையானாலும் அந்தப் படம் அவரை விடாது. வகுப்பில் நான் செய்த பிழையால் எவருக்கும் கேடு நேரவில்லை. மாலை நேரத்துச் செய்தி மேசையிலோ, ஓரத்தில் கேள்வி எழுதித் தாளைத் திருப்பித் தர யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

வெட்டும் ஒட்டும்: இதை நான் மறுக்கவில்லை, எல்லாக் கல்லூரிகளிலும் அப்படி நடக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா, சேர்க்கையின்போது உங்களுக்கு ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுவார்கள். அதில் மயங்கிவிடாமல், இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தனியே அழைத்து, எழுதிக் கொடுத்தவை திருத்தப்பட்டுத் திரும்ப வந்தனவா என்று கேளுங்கள். மூன்றாண்டுகளில் எனக்கு ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை.