சென்னைக்குப் பலாலியா, கட்டுநாயக்கவா?

பரந்தன் தம்பி:
அம்மாவைக் கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும். கிளிநொச்சியில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர், கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சுமார் 645. ஆனால் இரண்டுக்கும் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில்தான் போட்டிருக்கிறார்கள். பாதித் தூரத்துக்கு ஏன் அவ்வளவு நேரம்?

வவுனியா அண்ணன்:
பலாலியில் வருவது ஏடிஆர் 72, விசிறி விமானம். வேகம் மணிக்கு 500 அளவு. கட்டுநாயக்கவில் ஜெட், 830 வரை போகும். கணக்குப் பாருங்கள்: 355 கிலோமீற்றருக்கு 43 நிமிடம், 645க்கு 47 நிமிடம். மிச்ச நேரம் ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது. வெறும் நாலு நிமிட வித்தியாசத்துக்காகப் பலாலி என்று ஏன் அடம்பிடிக்க வேண்டும்? கட்டுநாயக்கவில் ஒன்று போனால் அன்றைக்கே இன்னொன்று இருக்கும்.

முல்லைத்தீவு அக்கா:
அண்ணா, நீங்கள் ஆகாயத்தை மட்டும் அளக்கிறீர்கள். தம்பி வீட்டிலிருந்து அல்லவா புறப்பட வேண்டும்! கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். கட்டுநாயக்கவுக்கு ஆறு, ஏழு. கண் தெரியாத அம்மா இரவு முழுக்க பஸ்ஸில் இருப்பதா? அதுவும் பாருங்கள், கட்டுநாயக்கவையும் சென்னையையும் வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்தால் அது கிட்டத்தட்ட யாழ்ப்பாண நகரத்துக்கு மேலாலேயே போகிறது. நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீற்றர் தெற்கே போய், ஏறக்குறைய அதே தூரம் வடக்கே பறந்து, புறப்பட்ட இடத்தைத் தாண்டித்தான் சென்னைக்குப் போக வேண்டும்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது வன்னிச் சனம் எவ்வளவு சந்தோஷப்பட்டது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. நாங்கள் ஏறாவிட்டால் யார் ஏறுவது?

வவுனியா அண்ணன்:
தூரத்தில் நீங்கள் சொல்வது சரி, தங்கச்சி. ஆனால் போன மாரியில் மழை என்று நான் ஏறவிருந்த விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த இடம் கிடைக்க இரண்டு நாள். வைத்தியரிடம் நாள் குறித்துப் போகிற ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை. வவுனியாவில் இருக்கிற எனக்கு இரண்டு பக்கமும் தூரம்தான், அதனால் கட்டுநாயக்க போகிறேன்.

முல்லைத்தீவு அக்கா:
அப்போ வவுனியாவுக்கு அது சரி. கிளிநொச்சிக்கு இல்லை.

பரந்தன் தம்பி:
பலாலிதான், அக்கா. ஆனால் அண்ணா சொன்னதை விடமாட்டேன்: வைத்தியரைப் பார்க்கிற நாளுக்கு மூன்று நாள் முந்தியே பறக்கிறோம். நேரவித்தியாசம் பார்க்க வேண்டுமா?

வவுனியா அண்ணன்:
இல்லை. 2006 ஏப்ரலில் இருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். சீட்டில் போட்டிருக்கிற நேரங்களை அப்படியே கழிக்கலாம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டுப் போடும்போதே சொல்லிவிடுங்கள்.