தொலைபேசியில் பேசும் இயந்திரக் குரல்: எல்லைப்புறத் தமிழர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

எண்ணை அழுத்தச் சொல்லாமல் "என்ன வேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டு, நாம் பேசுவதைப் புரிந்துகொண்டு பதில் தரும் குரல்கள் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் வந்துவிட்டன. கேரளப் பக்கம் சித்தூர் தாலுகா, தேவிகுளம், பீர்மேடு, ஆந்திரப் பக்கம் நகரி, சத்தியவேடு, குப்பம் என்று மாநிலக் கோட்டுக்கு அப்பால் இருக்கும் நம்மிடம் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்று அறிய ஆசைப்படுகிறேன். என் பங்கை முதலில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் காட்டுகிறோம். அங்கே முன்பதிவுக்கு இப்போது இயந்திரக் குரல்தான். எங்களுடையது கேரள எண் என்பதால் எடுத்த எடுப்பில் மலையாளத்தில் பேசியது. அம்மாவுக்கு மலையாளம் நன்றாகவே புரியும். ஆனால் வலியைச் சொல்வதென்றால் தமிழில்தான் சொல்வார். அவர் தமிழில் தொடங்கியதும் இரண்டொரு வாக்கியத்தில் அதுவும் தமிழுக்கு மாறிவிட்டது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நான் முன்பு அழைத்த சேவை மையங்களில் மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று மூன்று எண்களைச் சொல்லுவார்கள், தமிழுக்கு எண்ணே இருக்காது.

அம்மா முழுக் கதையையும் சொன்னார். வலி எப்போது கூடுகிறது, போன முறை கொடுத்த மாத்திரை வயிற்றை எரிக்கிறது, வியாழக்கிழமை என்றால் வேலந்தாவளம் வழியாகக் காலை பஸ்ஸில் வந்துவிடலாம், எல்லாம். குரல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை காலை, எலும்பு மருத்துவர், சரிதானா?" என்றது. அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் வியாழனன்று மருத்துவரின் திரையில் மாத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நோயாளி தானாகச் சொன்னதில் அதுதான் முக்கியமானது. அம்மா மறுபடியும் சொன்னதால் மருந்தை மாற்றினார்கள். ஒரு முறை சொல்லியாயிற்றே என்று சும்மா இருந்துவிடும் வயதானவர்கள் எத்தனை பேர்!

நகரி நெசவாளர்:

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. அதனால் எண்கள் தெலுங்கில்தான் வரும். கணக்கு படித்த மொழியில்தானே எண் வாயில் வரும்? விசைத்தறிக்கு வாங்கிய கடனின் தவணை பற்றிக் கேட்க ஒரு நிதி நிறுவனத்தை அழைத்தேன். தமிழைத் தேர்ந்தெடுத்தேன். நான் சொன்ன விஷயம் அதற்குப் புரிந்தது. கடன் கணக்கு எண்ணைச் சொன்னபோதுதான் தகராறு. தெலுங்கு இலக்கங்களைத் தமிழாக நினைத்து வேறு எண்ணைத் திருப்பிச் சொன்னது. திருத்தினால் இன்னொரு தவறு. கடைசியில் விசைகளை அழுத்தியே எண்ணைக் கொடுத்தேன்.

இதில் என் கருத்து உறுதியானது: பேச்சு எவ்வளவு முன்னேறினாலும் கணக்கு எண், ஆதார் எண் போன்றவற்றுக்கு விசையை எடுத்துவிடக் கூடாது. தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கே நின்று பன்னிரண்டு இலக்கத்தைக் கத்திச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஊரே கேட்கும்.

மூணாறு, தேயிலைத் தோட்டம்:

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், சிக்னல் விட்டு விட்டு வரும். பெரியப்பா ஓய்வூதியம் பற்றிக் கேட்க அழைத்தார். அவர் யோசித்து, நிறுத்தி நிறுத்திப் பேசுபவர். அவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் குரல் குறுக்கே புகுந்து, "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது. பெரியவரிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

திருத்தணியிலிருந்து, பேச்சுத் தரவுப் பணி செய்பவர்:

மூன்று பேர் எழுதியதற்கும் காரணம் சொல்ல முடியும்.

மூணாறு அண்ணன் சொன்னது, பேச்சு முடிந்ததா என்று இயந்திரம் முடிவு செய்யும் முறை. குறிப்பிட்ட நேரம் மௌனம் நீடித்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்படி பல அமைப்புகளில் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தைக் கூட்டலாம். அமைப்பை நடத்துபவர்கள் மனம் வைத்தால் போதும்.

கொழிஞ்சாம்பாறை நண்பரின் அம்மா சொன்னது தொலைந்ததற்குக் காரணம், இவை பெரும்பாலும் துறை, நாள், நேரம் என்று முன்கூட்டி வகுத்த இடங்களை மட்டும் நிரப்புவதுதான். மற்ற பேச்சு எங்கும் போய்ச் சேராது. 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தொடங்கிய ஜூபிடர் என்ற இயந்திரக் குரல், தொலைபேசியில் கேட்டால் வானிலை சொன்னது. ஊரையும் நாளையும் பிடித்தால் அதன் வேலை முடிந்தது. வானிலைக்கு அது போதும், உடம்புக்குப் போதாது. சொன்னதை அப்படியே எழுத்தாக்கி மருத்துவருக்கு அனுப்ப இன்று முடியும். அதை வாய்விட்டுக் கேளுங்கள்.

நகரி அண்ணனுடையதுதான் உண்மையிலேயே கடினம். வழக்கமான தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது. மெல்லிய ஒலிகள் பலவற்றின் கூர்மை அதிலேயே போய்விடும். அதன் மேல் தறிச் சத்தம். அதற்கும் மேல், அழைப்பின் தொடக்கத்தில் ஒரு மொழியை முடிவு செய்துவிட்டு, கடைசி வரை அதிலேயே கேட்கும் அமைப்பு. ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி வந்தால் தடுமாறும். அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுப் பழகினால்தான் அது தேறும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் ஆய்வுக்குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் என்ற பேச்சுத் தொகுப்பில் 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் 7,348 மணி நேரப் பேச்சு இருந்தது. பெரும்பகுதி படித்துக் காட்டியதல்ல, தாமாகப் பேசியது. அருமையான வேலை. ஆனால் மொழிவாரியாகச் சேர்க்கும்போது, தெலுங்கு எண்ணோடு தமிழ் பேசும் நகரிக்காரரை எந்தப் பெட்டியில் போடுவது? என் ஊரே 1960 வரை ஆந்திரத்தில் இருந்தது. இங்கும் இந்தப் பேச்சு உண்டு. இந்திய மொழிகளைக் கணினிக்குப் பழக்கும் மத்திய அரசின் பாஷிணித் திட்டத்தில் பாஷாதான் என்ற பகுதி வழியாக யாரும் குரலைக் கொடுக்கலாம். நம் ஊர்க்காரர்கள் கொடுக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரர்:

மிக்க நன்றி. மருத்துவமனைக்கு எழுதப் போகிறேன். நோயாளி சொன்னது முழுவதும் மருத்துவருக்குப் போக வேண்டும், எந்த இடத்திலும் "ஆளிடம் பேச வேண்டும்" என்றால் உடனே இணைக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள். மூணாறு அண்ணா, மௌன நேரத்தைக் கூட்டுவதை மூன்றாவதாகச் சேர்க்கிறேன். உங்கள் பெரியப்பாவுக்கு ஓய்வூதிய விவரம் கிடைத்ததா? இல்லையென்றால் எழுதுங்கள், நேரில் போய்க் கேட்கக்கூடியவர்கள் இங்கே யாராவது இருப்பார்கள்.