தங்கச்சியோட பாப்பாவுக்கு ஃபிளீஸ் துணில தொப்பி, பூட்டீஸ் தைக்கணும். தையல் விட்டு விட்டு விழுது, உதவுங்க

மதுரை பெரியம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி கனடால எட்மன்டன்ல இருக்கா, ஜனவரி ரெண்டாவது வாரம் டெலிவரின்னு தேதி குடுத்திருக்காங்க. எங்க வீட்டுல முதல் பேரப்பிள்ளை. அம்மா டிசம்பர் கடைசில கிளம்புறாங்க, அவங்க பெட்டில என் கையால தைச்சது நாலு உருப்படியாவது போகணும். இங்க எல்லாமே கடைல கிடைக்குதுக்கா நீ கஷ்டப்படாதன்னு அவ சொல்றா, ஆனா அவ பொறந்தப்ப எங்க அப்பத்தா தைச்ச சட்டையை இன்னும் அம்மா பீரோல வச்சிருக்காங்க, அந்த மாதிரி ஒண்ணு என் கையாலயும் இருக்கணும்னு மனசு கேக்குது.

15 வருஷமா வீட்டுல பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டைன்னு தைக்கிறேன். மிஷின் கால்ல மிதிக்கிற பழைய கருப்பு மிஷின், நேர் தையல் மட்டும்தான் போடும். ஃபிளீஸ் துணியை இதுக்கு முன்னாடி தொட்டதே இல்ல, மதுரை வெயிலுக்கு அது எதுக்கு. போன மாசம் கோயம்புத்தூர் போனப்ப ஒரு கட் பீஸ் கடைல மஞ்சள்ல ஒரு மீட்டர், இளம்பச்சைல ஒரு மீட்டர் வாங்கிட்டு வந்தேன், தொட்டா பூனைக்குட்டி மாதிரி இருக்கு.

நேத்து ஒரு தொப்பி தைச்சுப் பாத்தேன். தையல் நாலு விழுந்தா ரெண்டு விட்டுப்போகுது. கீழ ஓரத்தை மடிச்சு சுத்தித் தைச்சதும் அப்பளம் பொரிச்ச மாதிரி ஓரம் பூரா நெளிஞ்சு நிக்குது. சரி அயர்ன் பண்ணா அமுங்கும்னு பெட்டியை வச்சேன், வச்ச இடம் பளபளன்னு ஆகி கெட்டியா போச்சு, அந்தத் துண்டு வீண். பருத்தில பழகின கைக்கு இது ஒண்ணும் பிடிபடல.

தொப்பி, பூட்டீஸ் (துணில தைக்கிற குட்டி ஷூ), கையுறை, சுத்தி குஞ்சம் விட்ட போர்வை, குட்டித் தலகாணி, இதுதான் நான் போட்டு வச்ச லிஸ்ட். அளவும் சொல்லுங்க, பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி எந்த அளவுல தைக்கிறதுன்னே தெரியல.

திருப்பூர் ஓவர்லாக்:

அக்கா மொதல்ல துணி என்னன்னு பாத்துக்கோங்க. எங்க ஊர்ல ஃபிளீஸ்னா பருத்தி நூல்ல பின்னி உள்பக்கம் மட்டும் பஞ்சு கிளப்பின துணி, ஸ்வெட் ஷர்ட் உள்ள பாத்திருப்பீங்க, காதர்பேட்டை மார்க்கெட்ல அதுல தைச்சு மிஞ்சின சர்ப்ளஸ் உருப்படி நிறைய கிடைக்கும். நீங்க வாங்கினது ரெண்டு பக்கமும் புசுபுசுன்னு இருந்தா அது போலார் ஃபிளீஸ், முழுக்க பாலியஸ்டர். 1979ல அமெரிக்கால மால்டன் மில்ஸ்னு ஒரு மில்லுல கம்பளிக்கு மாத்தா கொண்டு வந்தது. தண்ணி பாட்டில் எதுல செய்யுறாங்களோ அதே சரக்குதான், அதனாலதான் அயர்ன் பாக்ஸ் பட்டதும் உருகி பளபளத்துருச்சு. இதுக்கு அயர்ன் வேண்டவே வேண்டாம், மடிப்பை விரலால அமுக்கி விட்டா போதும்.

தையல் விடுறதுக்குக் காரணம் ஊசி. பிளவுஸ் தைக்கிற கூர் ஊசி பனியன் துணி மாதிரி பின்னல் துணில சரியா இறங்காது, இழையைக் குத்தி அடிச்சு இழுத்துட்டுப் போகும், கீழ நூல் பிடிபடாது. இப்ப மிஷின்ல இருக்கிற ஊசியைக் கழட்டிக் கடைல காட்டி இதே வகைல பால் பாயிண்ட் (முனை உருண்டையா இருக்கிற ஊசி), 14 நம்பர்னு கேளுங்க. நூல் பாலியஸ்டர் நூல் போடுங்க, காட்டன் நூல் துணி இழுபடுறப்ப பட்டுனு அறும். தையல் அளவைப் பெருசாக்கி இன்ச்சுக்கு 8 தையல் வர மாதிரி வச்சுக்கோங்க, பிளவுஸுக்கு வைக்கிற பொடித் தையல் இதுல போட்டா துணி விரிஞ்சு நெளியும். பாதத்துக்கு மேல, கம்பி தலையில ஒரு திருகு இருக்கும் பாருங்க, அதைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க, துணி தடிமனா இருக்கறதால பாதம் அமுக்குற அழுத்தமே ஓரத்தை இழுத்து விட்டுடும்.

ஆனா அப்பளத்துக்கு நெஜமான வழி என்னன்னா, அந்த ஓரத்தைத் தைக்காதீங்க. இந்தத் துணில பிசிறு வராதுக்கா, வெட்டினது வெட்டின மாதிரியே நிக்கும். கீழ 5 செ.மீ. வெளிப்பக்கமா மடிச்சு விட்டு கை ஊசில நாலு இடத்துல மட்டும் ஒரு முடிச்சுத் தையல் போடுங்க, ஓரம் தலைக்குத் தகுந்த மாதிரி விரிஞ்சு குடுக்கும். சுத்தி நேர் தையல் போட்டா அது விரியாது, தலையில ஏத்துறப்ப நூல் அறுந்து போகும்.

வெட்டுறதுக்கு முன்னாடி துணியை நீளவாக்குலயும் அகலவாக்குலயும் இழுத்துப் பாருங்க, அகலவாக்குலதான் அதிகம் விரியும், அந்தப் பக்கம் தலையைச் சுத்தி வரணும். கரைக்குக் குறுக்க வெட்டின ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா ஒரு பக்கமா சுருண்டுக்கும், சுருளுற பக்கம் உள்பக்கம். கையால தடவிப் பாத்து பஞ்சு எந்தப் பக்கம் படியுதோ அது கீழ வர மாதிரி எல்லாத் துண்டையும் ஒரே பக்கமா வச்சு வெட்டுங்க, இல்லன்னா ஒரே துணி ரெண்டு கலர் மாதிரி தெரியும்.

அளவு: பொறந்த குழந்தைக்குத் தலை சுத்தளவு 35 செ.மீ. கிட்ட இருக்கும், 3 மாசத்துல 40, 6 மாசத்துல 43, ஒரு வயசுல 46. தொப்பி விரியும்ங்கறதால 2 செ.மீ. கம்மியா பிடிச்சு, தையலுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு விடுங்க. 6 மாசத் தொப்பின்னா அகலம் 43, உயரம் 22 வெட்டி, முதுகுப் பக்கத் தையல் ஒண்ணு போட்டு குழாயாக்கி, மேல நாலு இதழா வளைச்சு வெட்டி மூடிடுங்க. அந்த முதுகுத் தையல் நீளவாக்குல வரதால நேர் தையலே தாங்கும். பொறந்ததுக்கு ஒண்ணு தைங்க போதும், மிச்சம் 3 மாசம், 6 மாசம்னு தைங்க, வளர வளர உதவும்.

முக்கியமா சொல்ல விட்டுட்டேன், குண்டூசி. பஞ்சுக்குள்ள முழுகிப் போச்சுன்னா கண்ணுக்குத் தெரியாது. நான் குழந்தை உருப்படிக்குக் குண்டூசியே குத்துறதில்ல, துணி காயப்போடுற கிளிப்தான். குத்தியே ஆகணும்னா எண்ணிக் குத்துங்க, எண்ணி எடுங்க. ரெண்டு தொப்பி முடிஞ்சதும் பாபின் கேஸைக் கழட்டி பிரஷ் போட்டுத் தட்டுங்க, கைப்பிடி பஞ்சு வரும்.

குன்னூர் ரோஜா:

ஃபிளீஸ் குளிர் தாங்கும், காத்து தாங்காது, இதைத் தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க. இங்க டிசம்பர்ல நாங்க போடுறப்பவே காத்தடிச்சா ஊசி மாதிரி உள்ள இறங்கும், எட்மன்டன்ல மைனஸ் 30 வரைக்கும் இறங்குற ஊரு, வெளிய போனா மேல காத்துத் தடுக்கிற கோட்டு ஒண்ணு வேணும். உள்ள பருத்தி பனியன் இல்லாம நேரா போடாதீங்க, பாலியஸ்டர் வேர்வையை இழுக்காது, கழுத்து மடிப்புல வேர்க்குரு வந்துரும், என் பையனுக்கு வந்துச்சு. அப்புறம் அம்மா போய் குளிப்பாட்டி சாம்பிராணி போடுவாங்கன்னா அந்த நெருப்புக்கிட்ட இந்தத் துணி போகவே கூடாது, ஒரு பொறி பட்டாலும் உருகி தோல்ல ஒட்டும். புகையே பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்னுதான் எங்க டாக்டர் சொன்னாங்க.

ஸ்காபரோ அம்மம்மா:

பிள்ளை, நான் 30 வருசத்துக்கு மேல கனடாவில இருக்கிறன், மூண்டு பேரப்பிள்ளையளுக்குத் தைச்சுக் குடுத்தனான், எங்கட ஆக்களின்ர வீட்டில பிள்ளை பிறந்த 31ஆம் நாள் சடங்குக்குப் போகேக்கையும் கடையில வாங்காமல் தைச்சுத்தான் கொண்டு போறனான். உங்கட ஆசை எனக்கு நல்லா விளங்குது. ஆனா லிஸ்டில இருந்து தலகாணியை எடுத்துப் போடுங்கோ. குஞ்சம் வைச்ச போர்வையும் நித்திரைக்கு வேண்டாம். இங்க ஒரு வயசு வரைக்கும் பிள்ளையை மல்லாக்க வெறும் மெத்தையில நித்திரையாக்கிறதுதான், கட்டிலுக்குள்ள போர்வை, தலகாணி, பொம்மை ஒண்டும் வைக்க விடமாட்டினம். போர்வை முகத்தில ஏறி மூச்சு முட்டினா சின்னப் பிள்ளையால தள்ளி விட ஏலாது. குஞ்சம் எண்டா அதை வாயில வைச்சுச் சப்பும், விரல்லயும் சுத்தும். ஆசையா அனுப்புறதை அவ அலுமாரிக்குள்ள மடிச்சு வைக்கிற மாதிரி ஆகக்கூடாது எண்டுதான் சொல்லுறன்.

அதுக்குப் பதிலா கை இல்லாத நித்திரைப் பை தையுங்கோ. சட்டை மாதிரி கழுத்து, கைக்கு ஓட்டை, கீழ பை மாதிரி மூடி, கால் உள்ளுக்க நல்லா உதைக்கிற அளவுக்கு அகலம். கழுத்து பெரிசா வெட்டினால் பிள்ளை உள்ளுக்க வழுக்கிப் போயிடும், தலையை விட கழுத்து ஓட்டை சின்னனா இருக்கவேணும், தோளில டிச் பட்டன் வைச்சால் போடக் கழட்ட சுகம். துணி மெல்லிசு போதும். வெளியில மைனஸ் எண்டாலும் வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு 20, 21 பாகையில இருக்கும், தடிப்பான துணி போட்டால் பிள்ளைக்கு அவிஞ்சு போகும். வீட்டுக்குள்ள நித்திரைக்குத் தொப்பியும் போடுறேல்லை, பிள்ளையின்ர சூடு தலையாலயும் வெளிய போறது.

போர்வை தைக்கவே வேணுமெண்டால் 75க்கு 75 செ.மீ. அளவில குஞ்சம் இல்லாமல் தையுங்கோ, காரிலயும் ஸ்ட்ரோலரிலயும் உதவும். கார் சீட்டில தடிப்பான கோட்டைப் போட்டு அதுக்கு மேல பெல்ட் இறுக்கக் கூடாது, அடிபட்டால் கோட்டு அமுங்கி பெல்ட் தொய்ஞ்சு போகும். மெல்லிய உடுப்போட பெல்ட்டை இறுக்கிப் போட்டு, அதுக்கு மேலதான் போர்வையைப் போர்த்துவினம், முகத்தை மூடாமல். உங்கட மஞ்சள் போர்வை அந்த இடத்தில ஒவ்வொரு நாளும் வேலை செய்யும்.

கையுறைக்கும் பூட்டீஸுக்கும் ஒண்டு சொல்லவேணும். உள்ளுக்க நூல் தொங்கினால் பிள்ளையின்ர விரலில சுத்தி இறுக்கிப் போடும், ரத்தம் ஓடாது, பிள்ளை ஏன் அழுகுது எண்டே தெரியாது. இந்தத் துணியில பிசிறு வராது எண்டு அந்தத் திருப்பூர்த் தங்கச்சி சொன்னவ தானே, அதால தையலை வெளிப்பக்கமா வைச்சே தைச்சு விடுங்கோ, உள்பக்கம் வழவழ எண்டு இருக்கும், பார்க்கவும் வடிவு. தொப்பியில கட்டுற நாடா வேண்டாம். கண்ணுக்கு மணி, பட்டன் ஒண்டும் வேண்டாம், முயல் முகம் வேணுமெண்டால் நூலாலயே பின்னுங்கோ.

மதுரை பெரியம்மா:

அம்மா, நீங்க எழுதினதை எங்க அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை கேட்டாங்க. தலகாணியும் குஞ்சமும் விட்டாச்சு. நித்திரைப் பைன்னு தங்கச்சிகிட்ட சொன்னதும் அய்யோ அக்கா அதுதான் வேணும், ரெண்டு குடுன்னுட்டா.

பால் பாயிண்ட் ஊசி மதுரைல மூணு கடை ஏறி இறங்கி கடைசில மிஷின் ரிப்பேர் பாக்கிற அண்ணன்கிட்ட கிடைச்சுது. ஊசியை மாத்தி, திருகை ரெண்டு சுத்து லூஸ் பண்ணி மிதிச்சேன், ஒரு தையல் கூட விடல! மஞ்சத் துண்டுல கோடு போட்ட மாதிரி விழுந்துச்சு. வீட்டுல போட்டுப் பாக்கக் குழந்தை இல்லையே, உரிச்ச தேங்காய் ஒண்ணு சுத்தளவு 34 வந்துச்சு, குடுமியைப் பின்பக்கமா வச்சு மாட்டினேன், கச்சிதம். அம்மா அந்தத் தேங்காயை உடைக்க விடாம சாமி ரூம்ல வச்சுட்டாங்க.

இப்ப ஒரு சந்தேகம். எங்க பக்கம் பச்சப் பிள்ளைக்குப் புதுத்துணி மொதல்ல போடமாட்டாங்க, பெரியவங்க கட்டின பழைய பருத்திச் சேலைலதான் சுத்துவாங்க. அப்பத்தாவோட சுங்குடிச் சேலை ஒண்ணு இருக்கு, துவைச்சுத் துவைச்சு மல்லிப்பூ மாதிரி ஆயிருச்சு. அதை ஃபிளீஸுக்கு உள்லைனிங்கா குடுக்கலாமா?

திருப்பூர் ஓவர்லாக்:

தாராளமா குடுங்கக்கா, ஆனா எதுக்குக் குடுக்கறீங்கன்னு பாத்துக் குடுங்க. சேலை தறித்துணி, விரியாது. தொப்பிக்கு உள்ள வச்சா ஃபிளீஸ் விரியும் லைனிங் விரியாது, தலையில ஏறாது. தொப்பிக்குப் பழைய பனியன் துணி வைங்க, இல்ல சுங்குடியைக் கிராஸ்ல (மூலைவாட்டமா) வெட்டி வைங்க, கொஞ்சம் குடுக்கும். நித்திரைப் பைக்கு விரிய வேண்டிய வேலை இல்ல, அதுக்குச் சுங்குடி நேரா வெட்டியே வைக்கலாம். ரெண்டையும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை அலசிக் காயவைங்க, சாயம் இறங்குதான்னும் தெரிஞ்சுக்கலாம். டிச் பட்டன் வைக்கிற இடத்துல ஃபிளீஸுக்கு உள்ள அந்தச் சேலைத் துண்டையே ரெண்டு மடிப்பா வச்சு அடிங்க, வெறும் ஃபிளீஸ்ல அடிச்சா நாலு தடவை இழுத்ததும் பட்டன் பிச்சுக்கிட்டு வந்துரும், குழந்தை வாய்க்குப் போற சமாச்சாரம்.

ஸ்காபரோ அம்மம்மா:

சுங்குடி வைச்சால் பை ரெண்டு மடிப்புத் தடிப்பாகும், அதால உள்ளுக்க மெல்லிய உடுப்பு ஒண்டு போதும் எண்டு உங்கட தங்கச்சிக்குச் சொல்லி விடுங்கோ. பிள்ளையின்ர பிடரியில கை வைச்சுப் பார்த்து வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறைக்கச் சொல்லுங்கோ. தோய்க்கேக்க உள்பக்கத்தைத் திருப்பி, குளிர்த் தண்ணியில, சாஃப்ட்னர் விடாமல் தோய்க்கவேணும். டிரையர் குறைஞ்ச சூட்டில. இல்லாட்டி பஞ்செல்லாம் உருண்டை உருண்டையா திரளும்.

மதுரை பெரியம்மா:

ஒரு மாசம் கழிச்சு வர்றேன். தொப்பி மூணு, பூட்டீஸ் ரெண்டு ஜோடி (உள்ளங்கால் 9, 11 செ.மீ.), கையுறை ஒரு ஜோடி, மஞ்சள் போர்வை ஒண்ணு, சுங்குடி லைனிங் வச்ச நித்திரைப் பை ரெண்டு. பைக்குத் துணி பத்தாம பச்சைல இன்னும் ஒரு மீட்டர் வாங்கி வரச் சொன்னேன். மொத்தம் ஒரு கிலோ கூட வரல, அம்மா பெட்டில மேல வச்சாச்சு. பச்சைப் பையைத் திருப்பினா உள்ள அப்பத்தா சேலையோட அரக்குக் கலர் புள்ளி தெரியும். வீடியோ கால்ல காட்டினப்ப தங்கச்சி ஒண்ணும் பேசல, அந்தப் புள்ளியை மட்டும் இன்னும் கிட்டக் காட்டுக்கான்னா.